ஷாமிளா பார்க்கும் மறுவீடு

“இந்தப் பக்கம் பொறந்த வீடு, அந்தப் பக்கம் புகுந்த வீடு” என்று முணுமுணுத்துக்கொண்டே ஷாமிளா மடிக்கணினியைத் திறக்கிறார். கீல் உடைந்த மூடி, சுவரில் சாய்த்தால்தான் நிற்கும். கோப்புகளைக் காட்டும் செயலி நடுவே ஒரு கோடு கிழித்து இரண்டு பாதியாக விரிகிறது. இடப்பாதியில் இந்தக் கணினியில் உள்ள படங்கள். வலப்பாதியில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓர் ஆல்பம் அச்சகத்தின் கணினி. கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கோப்புகளை அனுப்பிவைப்பதுதான் வேலை. ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததும் “ஹரி, போய்ட்டா” என்பார். சரி என்பதற்குச் சிங்களத்தில் ஹரி. கல்யாணப் படங்கள் எல்லாமே அவருக்குப் பெண்பிள்ளைகள்.

பலாங்கொடையிலிருந்து மேலே ஏறும் பஸ் திரும்புகிற கடைசித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீடொன்றில் இருக்கிறார் ஷாமிளா. வீட்டுக்குள் சிக்னல் வராது. கூரை விளிம்பில் ஓர் ஆணி. அதில் தொங்கும் ஷொப்பிங் பேக்குக்குள் கைத்தொலைபேசி. அங்கிருந்துதான் கணினிக்கு இணையம் இறங்குகிறது. காற்றடித்தால் பை ஆடும். பை ஆடினால் ஷாமிளாவின் புருவமும் ஆடும்.

நான் பலாங்கொடை பஜாரில் புடவைக்கடை வைத்திருப்பவன். என் அக்கா மகள் ராகினியின் கல்யாண ஆல்பத்தை வடிவமைத்தவர் ஷாமிளா. அச்சுக்குப் போகுமுன் பெயர்களில் பிழை பார்க்கச் சொல்லி அக்கா என்னை மலையேற்றிவிட்டார். இரண்டு நிமிட வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

அந்த விசைப்பலகையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மேல் வரிசையில் ஒரு விசைக்குச் சிவப்பு ஒட்டுப்பொட்டு வைத்திருந்தது. அடுத்த விசையின்மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர். “பொட்டு வச்சத அமுக்குனா படம் இங்கயும் இருக்கும், அங்கயும் போகும். பக்கத்துல உள்ளத அமுக்குனா இங்க ஒண்ணும் மிஞ்சாதுங்க அண்ணே. பழகுறதுக்குக் குடுத்த எம்பிலிப்பிட்டிய ஊருக் கல்யாணத்த அப்படியே ஏத்தி அனுப்பிட்டேன். பொறந்த வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல.” அன்றைக்கே அவருடைய கணவர் பிரதீபன், தேயிலை ஃபெக்டரி முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டாராம்.

கொழும்போடு பேச இந்தச் செயலியைப் பழக்கியது தனிக்கதை. முகவரி கொடுத்தாயிற்று, கடவுச்சொல்லும் சரி, ஆனால் வலப்பாதி மட்டும் வெள்ளையாகவே நின்றது. அழாத குறையாக அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் ஒரு சின்னக் கட்டம் அகப்பட்டது. “நாங்க கூப்பிட்டா, அந்தக் கம்பியூட்டர் படம் வாங்குறதுக்கு இன்னொருக்கா நம்மளத் திருப்பிக் கூப்பிடுதாம். போன் டேட்டாவுக்கு யாரும் அப்படித் திருப்பிக் கூப்பிட ஏலாதே. ரெண்டு தடவையும் நாங்களே கூப்பிடுறோம்னு ஒரு டிக் போட்டேன். கதவு தொறந்துருச்சு.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பெருமையை நானும் ரசித்தேன்.

கல்யாணமான பெண்ணை மாப்பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பதை மறுவீடு என்கிறோம். ஷாமிளாவுக்கு அது வேலையிலும் உண்டு. அனுப்பிய படங்களில் ஏதாவது ஒன்றைக் கொழும்பிலிருந்து திரும்ப இறக்கி, ‘மறுவீடு’ என்று பெயரிட்ட கோப்புறையில் வைத்துத் திறந்து பார்ப்பார். போனவள் நன்றாக இருக்கிறாளா என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது.

இத்தனை பதற்றத்துக்கும் காரணம் அலுமாரியின் மேல் இருந்தது. பொலித்தீன் சுற்றிய ஒரு நீல வாளி. அதில் சிங்கள எழுத்தில் ஷாமிளாவின் பெயர். கொழும்பில் அதே அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, விடுதியில் வரிசையில் நின்று அவர் குளித்த வாளி அது. மகள் லோஜினி அப்போது இங்கே மாமியார் தங்கம்மாவிடம் வளர்ந்தாள். அம்மாவைத் தொலைபேசிக்குள் இருக்கும் ஆளாகவே அவளுக்குத் தெரியும். போன தைப்பொங்கலுக்கு வந்த ஷாமிளா திரும்பிப் போக மனமில்லாமல் கெஞ்சிக் கேட்க, அச்சகத்தின் முதலாளி ஒரு வாய்ப்புக் கொடுத்தார். தோட்டத்திலிருந்தே அனுப்பலாம். ஆனால் முதல் ஆல்பம் சொன்ன நேரத்துக்கு முழுசாக வந்து சேர வேண்டும், இல்லையென்றால் கொழும்புக்கே வந்துவிட வேண்டும். அப்படிப் போக நேர்ந்தால் எடுத்துச் செல்லத்தான் வாளியைப் பிரிக்காமல் வைத்திருந்தார். அந்த முதல் ஆல்பம்தான் எங்கள் ராகினி.

பெயர்களைப் பார்த்து முடித்தேன். ஷாமிளா பொட்டை அழுத்தினார். பக்கம் பக்கமாக ஆல்பம் வலப்பாதிக்குப் போனது. எல்லாவற்றுக்கும் ஹரி சொல்லியாயிற்று. மழை இருட்டிக்கொண்டு வந்ததால், பஸ்ஸைப் பிடிக்க நான் குடையை எடுத்தேன். “மறுவீடு பாக்காமப் போறீங்களே அண்ணே” என்றார். எனக்கு எரிச்சல்தான். போனது போய்விட்டது, இன்னும் என்ன சடங்கு என்று மனசுக்குள் சலித்துக்கொண்டு நின்றேன்.

இறக்கிய படம் திறந்தது. நெற்றிச்சுட்டி வரை ராகினி. அதற்குக் கீழே முகமே இல்லை, பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். எடுத்த குடையைக் கீழே வைத்தேன்.

ஷாமிளா திரையின் இரண்டு பக்கத்திலும் கோப்புகளின் அளவுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “நிறுவை மடுவத்துல நிறுத்த தேயிலைக் கொழுந்து ஃபெக்டரிக்குப் போறதுக்குள்ள கொறஞ்ச மாதிரி இருக்கு. எல்லாரும் மெலிஞ்சுட்டாங்க.” பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். முந்தின நாள், பெயர்கள் அடங்கிய கோப்பை மட்டும் அனுப்பும்போது, எழுத்துதானே என்று அனுப்பும் முறையை எழுத்துக்கு மாற்றியிருந்தார். அதைத் திருப்பி மாற்ற மறந்துபோனார். எழுத்தென்று நம்பிய செயலி படங்களுக்குள்ளும் வரி முடிவுகளைத் தேடி வெட்டிக்கொண்டே போயிருக்கிறது.

வாசலுக்குப் போய், பைக்குள் இருந்த தொலைபேசியில், அச்சகத்தில் கோப்புகளைப் பொறுப்பெடுக்கும் முஹ்ஸினை அழைத்தார். அவரை அண்ணன் முறையில் நானா என்பார். “முஹ்ஸின் நானா, அந்தப் பக்கங்கள எடுத்துறாதீங்க. பிழையா வந்திருக்கு. திருப்பி அனுப்புறேன்.”

“நாலு மணிக்கு மெஷின் ஓடும் தங்கச்சி. அதுக்குள்ள வந்தாச் சரி. இல்லாட்டி மொதலாளிக்கு நான் என்னண்டு சொல்றது?”

ஷாமிளா உள்ளே வந்து அனுப்பும் முறையைப் படத்துக்கு மாற்றினார். வலப்பாதியில் இருந்த கெட்டுப்போன பக்கங்களை முதலில் அழித்தார். ஏன் என்று கேட்டேன். “கெட்டது பாதி அங்கயே கெடந்தா, லைன் அறுந்து திரும்ப வரும்போது நல்லத அது மேல ஒட்டிரும்.” மீண்டும் பொட்டு.

மழை இறங்கிற்று. கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்த தங்கம்மா, கூரை ஒழுகும் இடங்களில் சட்டியும் தேங்காய்ச் சிரட்டையும் வைத்துக்கொண்டு வந்தார். கணினிக்குப் பக்கத்திலும் சொட்டத் தொடங்கியதும் அலுமாரியைப் பார்த்தார். “அந்த வாளிய எடுக்கட்டுமாடி?”

“அது கொழும்பு வாளி மாமி. வேணாம்.”

அந்தப் பதிலில் இருந்த பயம் எனக்கும் புரிந்தது. மழைக்காலம் முழுக்க இந்தக் கேள்விக்கு இதுதான் பதிலாம். தங்கம்மா தன் தலைத்துணியைப் பிழிந்து அந்த இடத்தில் சுருட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

பை ஆடியது. லைன் அறுந்தது. ஷாமிளா குடையில்லாமல் வெளியே ஓடி, பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். நான் உள்ளேயிருந்து, “மேலே எழுதவா, விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்குது” என்று கத்தினேன்.

“விட்ட எடத்துலருந்து போகச் சொல்லுங்கண்ணே. பிளாஸ்டரத் தொட்டுறாதீங்க.”

இப்போது ஹரி சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் சொன்னேன், கடைசிப் பக்கத்துக்குக் குரல் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த ஷாமிளாவிடம் மறுவீடு பார்க்கச் சொன்னவனும் நானே. நெற்றிச்சுட்டி வந்தது, கண் வந்தது, மாலைவரை முழு ராகினியும் வந்தாள். என் அக்கா மகள் அத்தனை அழகு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடிகாரத்தைப் பார்க்கிற துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த லோஜினி, பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள். தொலைபேசி அடித்தபோது ஷாமிளா வாசலுக்கு ஓடி, பையில் இருந்தபடியே அதை எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

“முழுசா வந்துட்டு தங்கச்சி. மெஷின்ல போட்டாச்சு” என்றார் முஹ்ஸின். “மொதலாளியும் பாத்துட்டார். அங்கயிருந்தே செய்யட்டுமாம். அடுத்த கல்யாணத்த உங்கட போல்டர்லயே போட்டிருக்கன், எறக்கிக்கொள்ளுங்க.”

ஷாமிளா உள்ளே வந்து வலப்பாதியைப் புதுப்பித்தார். யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயரில் புதிய கோப்புறை ஒன்று அங்கே வந்து நின்றது. ஷாமிளா எழுந்து போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு அலுமாரியின் மேலிருந்த வாளியை இறக்கினார். பொலித்தீனைப் பல்லால் கடித்துக் கிழித்தார். தங்கம்மாவின் தலைத்துணியை எடுத்துவிட்டு, கூரை சொட்டிய இடத்தில் வாளியை வைத்தார்.