இரண்டாவது பவர் சப்ளை

தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வர் படுத்துவிட்டால் காந்திமதிநாதனைத்தான் கூப்பிடுவார்கள். எந்த ஆபீசில் மெஷின் வைத்தாலும், அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை இரண்டு வாங்க வைத்துவிட்டுத்தான் நகர்வார். "ஒண்ணு போனா இன்னொண்ணு ஓடணும்லா" என்பார். கஞ்சப் பிசினாறிகளிடம்கூட டீயைக் குடித்துக்கொண்டே அரைநாள் பேசிச் சம்மதிக்க வைத்துவிடுவார். 'ரெண்டு அண்ணாச்சி' என்று ஊரில் பட்டப்பெயரே வைத்தாயிற்று. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அவருக்கும் வடிவாம்பாளுக்கும் ஒரே மகள், சண்முகப்பிரியா. கல்லூரியில் சேர்ந்த வருஷமே மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். துட்டி கேட்க வந்த தூரத்து மாமா ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் ரெண்டு வைக்கச் சொல்லுதீரு, மாப்ள. வீட்டுல ஒண்ணோட நிறுத்திட்டீரே. இன்னொண்ணு இருந்தா மனசு ஆறும்லா."

ஆறுதலாகத்தான் சொன்னார் மனிதர். துக்க வீட்டில் நாக்குக்கு யார் கடிவாளம் போடுகிறார்கள்? காந்திமதிநாதன் தலையை மட்டும் ஆட்டினார். சுவரில் சாய்ந்திருந்த வடிவாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த 'ரெண்டு' பேச்சு அவர் வாயில் வரவே இல்லை. போவார், கேட்டதை மாட்டிக் கொடுப்பார், வந்துவிடுவார். மேலகரத்தில் முகம்மது கனி ரத்தப் பரிசோதனை நிலையம் தொடங்கியபோது சர்வர் வைத்ததும் அவர்தான். இரண்டாவது பவர் சப்ளைக்கான இடத்தைத் தகர மூடியால் மூடினார். கனிக்குக் கேட்கத் தெரியவில்லை, இவருக்குச் சொல்ல மனம் வரவில்லை.

இந்த வருஷச் சாரலில் அந்த சர்வர் நின்றுபோனது. அவர் போய்ச் சேர்ந்தபோது ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் கனியைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார்கள். பிளக்கில் தன் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தார், கரண்ட் இருந்தது. வயரை மாற்றினார், சர்வர் அசையவில்லை. பவர் சப்ளையை உருவித் தனியாகக் கரண்ட் கொடுத்தார். அதன் பின்பக்கம் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. முகர்ந்தால் கருகிய வாடை. வேறு ஆபீசுக்காகப் பையில் வைத்திருந்ததை அதே இடத்தில் தள்ளினார். உள்ளே காற்றாடிகள் சுற்றத் தொடங்கின.

"ரிசல்ட்டெல்லாம் பத்திரமா இருக்கு. இது மட்டும்தான் போயிருக்கு" என்றார்.

கனிக்கு மூச்சு வந்தது. பிறகு குனிந்து பார்த்தார். "இந்த மூடி எதுக்கு அண்ணாச்சி?"

"இன்னொரு பவர் சப்ளை மாட்டுத எடம்."

"எல்லார்ட்டயும் மல்லுக்கட்டிச் சொல்லுவீங்களாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

அவருக்கு வெட்கமாகப் போயிற்று. தன் துக்கத்துக்காக, நோயோடு வந்த சனங்கள் வெளியே காத்துக் கிடக்கிறார்கள்.

"தப்புதான், பாய். இன்னொண்ணு வாங்கிப் போட்ருங்க. ஒண்ணு போனா..." தகர மூடியைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணு போனா இன்னொண்ணு ஓடும்."

"இது மாதிரியே ஓடுமா?" கனி தெரியாமல்தான் கேட்டார்.

"அப்படியே ஓடும். வேல பாக்குதவங்களுக்கு ஒண்ணு போனதே தெரியாது."

சொல்லிவிட்டு, கருகிய பவர் சப்ளையை மடியில் வைத்தபடி தரையில் உட்கார்ந்து அழுதார். கனி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.