ரோட்டில் உடைத்த காப்பி

தென்னைக்கு நடுவே காப்பி வராது என்று சொன்னார் என் மாமனார். ரிட்டயர்டு போலீஸ்காரர், எதைச் சொன்னாலும் தீர்ப்பு மாதிரிதான் இருக்கும். எனக்கு வீம்பு வந்துவிட்டது. இலஞ்சி ஊரில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில் நிழல் பார்த்துக் காப்பிக் கன்றுகளை நட்டேன். அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும், அவ்வளவுதான். வருஷங்கள் ஓடின. வரும்போதெல்லாம், "என்ன மாப்ள, காப்பி ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த டீயை என் முன்னாலேயே குடிப்பார். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ஒரு கோடைமழைக்குச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. தோப்பு முழுக்க மல்லிகை வாசம்! தை பிறக்கும்போது பழம் சிவந்தது. ஒரே கொத்தில் ஒன்று பழுத்திருக்கும், பக்கத்தில் இருப்பது பச்சையாக முறைக்கும். பழுத்ததை மட்டும் நானும் மனைவியும் பொறுக்கி மொட்டைமாடியில் போட்டோம். அள்ளிக் குலுக்கினால் கலகலக்கும்வரை காய்ந்தது.

இனித் தோலை உடைக்க வேண்டும். அதற்கான மில் மலைப்பக்கம் எங்கோ இருக்கிறதாம். எவன் போவான்? உளுந்து, கொள்ளு எல்லாவற்றையும் ரோட்டில் பரப்பி, வண்டி ஏறி உடைப்பதுதானே எங்கள் ஊர் வழக்கம்? நானும் பரப்பினேன். கேரள எல்லையில் இருக்கும் புளியறைக்குப் போகிற லாரிகள் இலவசமாக உடைத்துத் தந்தன. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பக்கத்திலேயே அடுத்த வீட்டு அக்கா கொள்ளு காயப்போட்டிருந்ததை, ஒரு மினி பஸ் வந்து இரண்டையும் கலக்கிய பிறகுதான் கவனித்தேன்.

"ஏட்டி, ஒம் புருசனுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அக்கா என் மனைவியிடம் கத்தினாள். முறத்தில் போட்டுப் புடைத்தோம். பாதிதான் பிரிந்தது.

கிடைத்த காப்பியை விற்கலாம் என்று தென்காசியில் காப்பிப்பொடிக் கடை அண்ணாச்சியிடம் மூட்டையைக் கொண்டுபோனேன். கையை விட்டுக் கிளறினார்.

"தம்பி, இதுல கொள்ளு கெடக்கு, கல்லு கெடக்கு, தார் வாட வேற அடிக்கி. நான் வாங்க மாட்டேன். வேணும்னா வறுத்து அரைச்சுத் தாரேன்."

அரைத்து வாங்கி வந்தேன். மாமனார் வந்தார். மனைவி டம்ளரை நீட்டினாள். ஒரு வாய் குடித்தார். மீசையைத் துடைத்தார். எதையோ நறநறவென்று மென்றார்.

"மாப்ள, நம்ம மண்ணுல காப்பி வரும். ஒத்துக்கிடுதேன்."

நான் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் அடுத்ததும் வந்தது.

"ஆனா காப்பியில நம்ம மண்ணு வரணும்னு யாரு கேட்டா?"

மிச்சத்தையும் குடித்துவிட்டுக் காலி டம்ளரை மகளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து. வடிகட்டி ஊத்து."