கால்மாட்டு மண்

எங்கள் ஊரில் ஆங்கிலம் தெரிந்த ஆள் யாரென்று அந்த நாளில் கேட்டிருந்தால், கூச்சமே இல்லாமல் என்னைத்தான் காட்டிக்கொண்டிருப்பேன். அப்போது படித்துக்கொண்டிருந்தது ஐந்தாம் வகுப்பு. பெரும்பாறைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து கான்வென்டுக்குப் போனவள் நான் ஒருத்திதான். "இவ வாய்க்குப் பூட்டு செய்ற ஆசாரி இன்னும் பொறக்கல" என்பார் அப்பா. வாடகை ஜீப் ஓட்டிய அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சவாரி ஏறியவர் இறங்கும்வரை பேச்சு ஓயாது.

ஒருநாள் அவர் கொடைக்கானலிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தார். இங்கிலாந்தில் ஏதோ ஒரு குக்கிராமம் அந்த அம்மாவுக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து தம் வம்சத்து ஆட்களைத் தேடித் தேடி எழுதிக்கொண்டிருந்தாராம். அத்தனை பேரும் அந்த ஊர் சர்ச்சைச் சுற்றியேதான் புதைந்து கிடக்கிறார்கள். ஒரு கைக்குழந்தையை மட்டும் காணோம். அவருடைய பாட்டிக்குத் தம்பி. தகப்பன் எங்கள் தோட்டத்துக்குத் துரையாக இருந்தபோது பிறந்து, காய்ச்சல் கண்டு இறந்தவன்.

இதற்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. தோட்டத்து மாதா கோயிலின் பின்னால் இருந்த ஒரே வெள்ளைக்காரக் கல்லறை அதுதான். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அதற்குப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூப்போடுகிறவள் என் அம்மா. எங்கள் சனத்தின் கல்லறைகளுக்குக்கூட அந்தப் பவிசு கிடையாது. "துரை வீட்டுப் பிள்ளைக்கு நீ என்னத்துக்குச் சேவகம் பண்ற?" என்று லைனில் கேலி பேசுவார்கள். அம்மா பாட்டுக்குச் செதுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ரொம்ப இளகிய மனசு என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கல்லில் இருந்த பெயரைப் பார்த்ததும் வெள்ளைக்கார அம்மா மண்டியிட்டு அழுதுவிட்டார். இத்தனை வருசம் பார்த்துக்கொண்டது என் அம்மாதான் என்று நான் சொன்னதும் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு பையிலிருந்து சின்ன மண்வாரி ஒன்றை எடுத்தார். ஒரு பிடி மண் கொண்டுபோய், ஊரில் அந்தப் பிள்ளையைப் பெற்றவளின் கல்லறையில் சேர்க்க வேண்டுமாம். தலைமாட்டில் தரை இறுகிக் கிடந்தது. கால்மாட்டில், அம்மா வைத்த சாமந்திச் செடியருகே மண் பொலபொலவென்று இருந்தது. அங்கே போய்க் குனிந்து மண்வாரியை ஊன்றினார்.

"ஐயோ, அங்க வேணாம்!"

அம்மா பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். யாரிடமும் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளைக்கார அம்மா மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

"தலைமாட்டுல எடுக்கச் சொல்லுடி. கால்மாட்டுல இரும்பு படப்படாது. வெரசா சொல்லு!"

"ஏன்னு கேக்குறாங்கம்மா."

"நீயா எதையாவது சொல்லேன்!"

அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜீப்பிலிருந்து கடப்பாரை எடுத்துவரப் போய்விட்டார்.

நீயா எதையாவது சொல் என்று என்னிடமா சொல்வது? அவிழ்த்துவிட்டேன். இறந்த பிள்ளை மோட்சத்துக்கு நடந்து போகவேண்டுமல்லவா, கால்மாட்டு மண்ணை எடுத்தால் அதற்குக் கால் ஊன்ற இடம் இருக்காது, இது எங்கள் மலைத் தமிழர்களின் ஆதிகால வழக்கம் என்றேன். வெள்ளைக்கார அம்மா என் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அப்பா தலைமாட்டில் கடப்பாரை போட்டு மண்ணைப் பெயர்த்துக் கொடுத்தார். அம்மா கால்மாட்டிலேயே உட்கார்ந்து, மண்வாரி பட்ட இடத்தை உள்ளங்கையால் தடவித் தடவிச் சமமாக்கினாள்.

சில மாதம் கழித்து அவர்கள் ஊர்க் கோயில் செய்திமடல் ஒன்று எங்களுக்குத் தபாலில் வந்தது. அம்மாவின் படம் போட்டிருந்தது. பழனிமலைத் தமிழர்களின் கால்மாட்டு வழக்கமும் கொட்டை எழுத்தில் இருந்தது! நான் இட்டுக்கட்டிய வழக்கம் இங்கிலாந்தில் அச்சாகிவிட்டது. பள்ளிக்கூடம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்த மண்ண அந்தப் பிள்ளையோட ஆத்தாகிட்ட சேத்துட்டாங்களா?"

"சேத்தாச்சும்மா."

"நல்லாருக்கட்டும்" என்றவள் முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இந்த அழுகையா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எனக்குக் கல்யாணமாகி நான் முழுகாமல் இருந்தபோதுதான் அப்பா விஷயத்தைச் சொன்னார். எனக்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை பிறந்து, ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் அன்றைக்கே இறந்துவிட்டதாம். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று ஊர்ப் பெரியவர்கள் கையை விரித்துவிட்டார்களாம். இவர்கள் இருவரும் யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் அந்த வெள்ளைக்காரப் பிள்ளையின் கால்மாட்டில் புதைத்துவிட்டார்கள்.

"தொணைக்கு ஒரு பிள்ள கெடக்குல்ல, அங்கயே வைப்போம்னு உங்கம்மாதான் சொன்னா" என்றார் அப்பா.

அந்த அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றுதான் அன்றைக்கு நான் அவ்வளவு ஆங்கிலம் பேசியிருக்கிறேன், வீட்டுக்கு மூத்தவள் நான்தான் என்ற நினைப்பில்.