ஆங்கிலப் படியில் மட்டும் இருந்த ஊர்

பணி ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் கடத்தூரில் ஒரு சிறிய மனித உரிமைக் குழுவில் இருந்தேன். மளிகைக் கடைக்கு மேல் மாடி. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே வேலை பார்ப்போம். எங்களைப் போன்ற குழுக்களுக்கு ஒரு வெளிநாட்டு அரசு தன் தூதரகம் வழியாக ஆதரவு தந்தது. அவர்களுக்கு அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதுவது என் பொறுப்பு. அங்கிருந்து பாராட்டு வந்தால், டீ வரும் நேரத்தில் குழுவில் இருந்தவர்கள் என்னையே சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள்.

"சார் இன்னிக்குத் தரையில நடக்க மாட்டாருங்க!"

யாராவது இப்படிச் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே காலையில் சீக்கிரம் கிளம்புவேன். முப்பது வருடம் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வாக்குமூலம் எழுதினால், சொன்னவருக்கே திரும்பப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்குவோம். சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண் வந்தார். கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் வனக்காவலர் ஒருவர் அடித்ததைச் சொன்னார். எழுதிப் படித்துக் காட்டினேன்.

"எல்லாஞ் செரிங்க சார். எங்க ஊரை மட்டும் எழுதிராதீங்க. நாளைக்கும் நான் அதே காட்டுக்குத்தான் போவணும்."

"எழுத மாட்டேம்மா" என்றேன்.

தமிழ்ப் படியில் ஊரை எழுதவில்லை. ஆங்கிலப் படியில், ஊர்ப் பெயர் இல்லாமல் அறிக்கை வெளிறிப்போய்த் தெரிந்தது. ஊரைச் சேர்த்தேன். தூதரகம் கேட்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. ஆங்கிலப் படியை யாருக்கும் படித்துக் காட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை.

பாராட்டு வந்தது. அறிக்கை தூதரகத்தின் இணையதளத்திலும் வந்தது. அடித்தவர் கண்ணில் அது எப்படிப் பட்டதோ, அந்தப் பருவம் முழுக்க அந்தப் பெண்ணைக் காட்டுக்குள் விடவில்லை. குழுவில் விசாரித்தபோது, தூதரகம்தான் எங்கிருந்தோ ஊரைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டது என்றேன். நம்பினார்கள், அந்தப் பெண்ணிடமும் அதையே சொன்னார்கள்.

சில மாதம் கழித்து மொரப்பூர் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். காலடியில் இரண்டு பைகள்.

"திருப்பூருக்குங்க சார், பனியன் கம்பெனிக்கு. வூட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன்." ஒரு பையின் வாயை இறுக்கிக் கட்டினார். "அந்த வெள்ளைக்காரங்க ஏன் சார் அப்படிப் பண்ணாங்க? நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்களே?"

ரயில் வந்துகொண்டிருந்தது. ஒரு பையை நான் எடுத்துக்கொண்டேன்.

"சொன்னேம்மா" என்றேன்.