மூன்றாவது ஹோர்ன்

வெள்ளவத்தையில் இன்று ஒரு பஸ் மூன்று தரம் ஹோர்ன் அடித்தது. கத்தரிக்காய்ப் பையோடு ரோட்டிலேயே துள்ளிவிட்டேன்.

சின்ன வயதில், கொட்டாஞ்சேனையில், மூன்றாம் டிவிஷன் உதைபந்தாட்ட லீக்கின் கடைசி நாள். கோல்கீப்பரான அப்பாவின் அணி வென்றுவிட்டது. ஆனால் முதலிடத்து அணி ஹெந்தளையில் தோற்றால்தான் நாங்கள் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறலாம். அங்கிருந்து பஸ் ஓட்டிவரும் மாமாதான் செய்தி சொல்வார்: அவர்கள் வென்றால் இரண்டு ஹோர்ன், தோற்றால் மூன்று.

பந்தென்றாலே எரிந்துவிழும் அம்மா, தோய்த்துக்கொண்டிருந்த ஜேர்சியோடு வாசலுக்கு வந்தார். பஸ் தெரிந்தது. ஒன்று. இரண்டு. அப்பா தலையில் கைவைத்தார்.

அம்மா சவர்க்கார நுரையோடு ரோட்டுக்கே ஓடினார். "தம்பி, மற்றதையும் அடியடா!"

வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்த மூன்றாவதை அடித்தார் மாமா, தெருவே அதிர!

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் எடுத்து இன்றைய பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன்.

"மூண்டு தரமோ?" என்றார். "ஆர் தோத்தது?"