கழற்றி வைத்த கைப்பிடி

எங்கள் வீட்டுத் தெருக்கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்புக் கைப்பிடியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். பலருடைய உள்ளங்கை பட்டு வழுவழுத்துப்போன இரும்பு. வருகிறவர்கள் ஏதோ பழம்பொருள் என்று தடவிப் பார்க்கிறார்கள். தெருவிலிருந்த அடிபம்பின் கைப்பிடி இது. அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுவதும் இதை அடித்துத்தான் தண்ணீர் குடித்தது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் சாயக்காரரின் மனைவி நினைவுக்கு வருகிறார். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுப் பிழைத்தவர்கள். அந்த அம்மாளுக்கு முழங்கைவரை அரக்குச் சிவப்பு ஏறியிருக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அவர் அலசிய நூலில் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டு கருட சேவைக்குப் போகும் எங்கள் தெருப் பெண்கள், அவர் குடம் வைத்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் தங்கள் குடத்தை வைப்பார்கள். தெருவின் சுத்தம் அவ்வளவு உயர்ந்தது. சாயம் உடம்புக்கு ஆகாது என்று அந்தச் சுத்தத்துக்குக் காரணம் சொல்லிக் கொடுத்தவன் நான், பள்ளிக்கூட வாத்தியார்.

பம்பில் வாஷர் தேய்ந்திருந்தது. மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் அடியிலிருந்து தண்ணீர் ஏறும். கடைசியாக அடித்தவர் அடுத்தவருக்காக ஒரு சொம்பு நிரப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு காலையில் நான் அந்தச் சொம்புத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டுவிட்டு, வெறும் பம்பை மூச்சு வாங்க அடித்துக்கொண்டிருந்தேன்.

"பசங்கள அடிச்சா அழுவும் வாத்தியாரே. பம்பு எப்டி அழுவும்? ஊத்த வெச்ச தண்ணியதான் நீ கால்ல ஊத்திக்கினியே!" என்றார் குடத்தோடு நின்றிருந்த சாயக்காரர் மனைவி.

கூட்டமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கோடையில் கிணறுகள் வற்றின. பாதித் தண்ணீர் சாயத்துக்கே போய்விடுகிறது, பத்து மணியிலிருந்து நாலு மணிவரை கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடலாம் என்று பெரியவர்களிடம் சொன்னேன். உடனே தலையாட்டினார்கள். தங்கள் அற்பத்தனத்தை நல்ல தமிழில் சொல்ல ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவர்களுக்கு. கைப்பிடி என் வீட்டுக்கு வந்தது.

பள்ளி விடுமுறை. மத்தியானம் ரேடியோ கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கதவு தடதடவென்று தட்டப்பட்டது. சாயக்காரர் மனைவியின் குரல்.

"வாத்தியாரே, கைப்பிடிய குடுப்பா! தொட்டி அடைப்பு புட்டுக்கிச்சு, ரொப்பி வெச்ச தண்ணியெல்லாம் பூடுச்சு. நூலு சாயத்துலேந்து எடுத்தாச்சுப்பா. இப்ப அலசலன்னா திட்டுத்திட்டா நின்னுடும். கல்யாணப் பொடவ நூலுப்பா!"

நான் கை நீட்டி ரேடியோவை நிறுத்தினேன். தூங்குகிறவன் வீட்டில் ரேடியோ பாடக் கூடாதல்லவா? என் புத்தி அந்த அழகில் இருந்தது.

வெளியே தட்டுவது நின்றது. பிறகு, "ரேடியோ நின்னுச்சே. முழிச்சிக்கினுதானே கீற?" என்றார். கோபமாகக்கூட இல்லை.

கைப்பிடி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நான் அசையவில்லை. குடங்களைத் தூக்கிக்கொண்டு அவர் அடுத்த தெருவுக்கு ஓடும் காலடிச் சத்தம் கேட்டது.

நூல் திட்டுத்திட்டாகிவிட்டது. முதலாளி அதன்பின் அவர்களுக்கு நூல் கொடுக்கவில்லை. சாயக்காரருக்குக் கவனம் போதாது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைத் தொடங்கியவனும் நான்தான்.

மாதம் முடிவதற்குள் திருப்புட்குழிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மாட்டு வண்டியில் அண்டாக்களை ஏற்றிய பிறகு அந்த அம்மாள் பம்புக்கு வந்து ஒரு சொம்பு நிரப்பி மேடையில் வைத்தார். கைப்பிடியைக் கழற்ற நான் ஸ்பானருடன் நின்றிருந்தேன்.

"ஊத்தத் தண்ணி வெச்சிக்கீறேன் வாத்தியாரே. கால் கழுவிக்காத," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான்கு மணிக்குக் கைப்பிடியை மாட்டி, அந்தத் தண்ணீரை ஊற்றி அடித்து, முதல் குடத்தை என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன்.

பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, பம்பைப் பிடுங்கினார்கள். கைப்பிடி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. இப்போதெல்லாம் மத்தியானத்தில் தெருக்கதவைச் சாத்த நான் விடுவதில்லை. காற்றுக்காக என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் கேட்டு இந்தத் தெருவில் இனி யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. அதனால்தான் இவ்வளவு தாராளமாகத் திறந்து வைத்திருக்கிறேன்.