"அம்மாவுக்கும் இதுதானோ?"

நனைந்த குளிர்ச் சட்டைகளின் வாசனை... ஜெர்மனியில், டோர்ட்மண்டில் நான் வேலை பழகிய கண் டொக்டரின் காத்திருப்பு அறையை நினைத்தால் முதலில் அதுதான் வரும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சியின் முதல் வருடம்.

ஒருநாள் ராணி அக்கா வந்தார். ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்பவர். பேசினில் முடி கிடப்பதாக மூன்று தடவை முறைப்பாடு வந்துவிட்டதாம். அவர் கண்ணுக்கோ எல்லாம் புகைமூட்டம். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒரு வருடமாக யாரிடமும் மூச்சு விடவில்லை.

"பிள்ளை, எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. கடைசி ஆறு வருசம் ஒண்டும் தெரியாமல்தான் இருந்தவ. எங்கட குடும்ப விதி. எனக்கு இன்னும் எத்தினை மாசம் கண் தெரியுமெண்டு மட்டும் டொக்டரிட்டைக் கேளுங்கோ."

டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் கண்புரை. மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுப் புதியது வைக்கலாம், அரை மணி நேரம்கூட ஆகாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். சந்தோஷமாக மொழிபெயர்த்தேன்.

ராணி அக்கா சிரிக்கவில்லை...

"அப்ப அம்மாவுக்கும் இதுதானோ?"

டொக்டரிடம் கேட்டேன். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். சத்திரசிகிச்சை கைக்கு எட்டாததாலேயே உலகத்தில் எத்தனையோ பேர் இப்படிப் பார்வை இழக்கிறார்கள் என்றார்.

அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'தெரியாதாம்' என்று முடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன்.

"சண்டைக்குள்ளை எங்கை ஆஸ்பத்திரி..." என்றார். "விதியெண்டு நினைச்சுத்தானே மனசை ஆத்தி வைச்சிருந்தன்."

பிறகு அழுதார்.

முதல் கண் செய்த மறுநாள், கட்டை அவிழ்த்த கையோடு போனை எடுத்தார். கிளிநொச்சியில் இருக்கும் தங்கைக்கு.

"உனக்கும் கண் மங்குதெண்டு சொன்னனியெல்லே? அது விதி இல்லையடி! நாளைக்கே போய்க் காட்டு!"

அவர் போட்ட சத்தத்தில் காத்திருப்பு அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை போனார். அவருக்கும் கண்புரைதான். எடுத்துவிட்டார்கள்.

இப்போது இங்கே நம் ஆட்களுக்குக் கண்புரை என்றால் பல் பிடுங்குவது மாதிரி. "ஒரு கண் செய்தாச்சு, மற்றதுக்கு அடுத்த மாசம் டெர்மின் எடுத்திருக்கிறன்" என்று கலியாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கூடவே பிள்ளைகள் வருவதால் எனக்கு மொழிபெயர்ப்பு வேலையும் குறைந்துவிட்டது.

ஆனாலும் தமிழர் யாராவது வந்தால், படிவத்தில் இல்லாத ஒன்றை நானாகவே கேட்டுவிடுகிறேன்.

"ஊரிலை ஆருக்கும் கண் மங்கலா இருக்கோ? ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ..."